வாசகர் கேள்வி–பதில்: தெருவில் வாழ்வோர் கையில் கேமரா

கேள்வி: டர்பன் ஆல்பர்ட் பார்க் பக்கம் தெருவில் படுப்பவர்களுக்கு எங்கள் கோயில் இளைஞர் குழு வாரந்தோறும் சாப்பாடு கொடுக்கிறது. அவர்களில் பத்துப் பேரையே படமெடுக்க வைத்து, தீபாவளிக்குக் கோயில் மண்டபத்தில் கண்காட்சி நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மொபைல் கொடுக்காதீர்கள். தெருவில் அது பறிபோகும், வைத்திருந்தவருக்கு அடியும் விழும். 27 படம் எடுக்கும், ஒருமுறைக்கு மட்டுமான ஃப்ளாஷ் கேமரா போதும். ஃபிலிம் கழுவும் கடைகள் அரிதாகிவிட்டன. கேமரா வாங்குமுன் ஒரு கடையைப் பேசி வையுங்கள். கேமராவில் பெயர் வேண்டாம், எண் மட்டும் ஒட்டுங்கள். யாருக்கு எந்த எண் என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். மழைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று கூடவே போகட்டும்.

கொடுக்கும்போதே ஆளுக்கு இரண்டு படம் எடுத்துப் பழகட்டும். ஒரு மீட்டருக்கும் கிட்டே போனால் படம் மங்கும். ஃப்ளாஷ் மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. அதன் சிறு விளக்கு எரியுமுன் அமுக்கினால் இருட்டில் ஒன்றும் விழாது. பார்க்கும் துளை வேறு, லென்ஸ் வேறு என்பதால், லென்ஸை விரல் மறைத்தாலும் எடுப்பவருக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் திரும்ப வாங்குங்கள். நாள் தள்ளிப்போனால் கேமரா நனையும், தொலையும். பிரின்ட் இரண்டு செட் போட்டு, முதல் செட்டை எடுத்தவரிடமே கொடுங்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது அடுத்த கட்டத்துக்கு. ஆளுக்கு நான்கு படங்களை அவர்களே பொறுக்கட்டும். பிறகு உட்கார்ந்து கேளுங்கள்: இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, ஏன் இப்படி, என்ன செய்யலாம்? 1990-களில் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் வளர்த்தெடுத்த முறை இது. அவர்கள் சுலு மொழியில் சொன்னால் சுலுவிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, மொழிபெயர்ப்பைக் கீழே போடுங்கள். மடித்த அட்டைப்பெட்டி ஒன்றின் படம் நமக்குக் குப்பையாகத் தெரியும். எடுத்தவருக்கு அது மெத்தை, நனைந்தால் அன்றிரவு தூக்கமில்லை. அவர் வாயால் வராவிட்டால் அந்தப் படம் ஊமைதான்.

கேள்வி: சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: முகம் தெரியும் படம், தென்னாப்பிரிக்காவில் போப்பியா (POPIA) எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. சம்மதத்தை இருமுறை வாங்குங்கள்: கேமரா கொடுக்குமுன் ஒன்று, படத்தைப் பார்த்தபின் ஒன்று. போதையில் போட்ட கையெழுத்து சம்மதமாகாது. படத்தில் விழும் மற்றவர்களையும் கேட்டாக வேண்டும். மறுத்தால் கையை, செருப்பை, நிழலை எடுக்கலாம். படுக்கும் இடமும், போர்வை ஒளித்துவைக்கும் சாக்கடை மூடியும் அடையாளம் தெரிந்தால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவே கூடாது. போர்வையும் போகும், இடமும் போகும்.

1978 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே சொந்தம். ஆனால் பணமோ பண மதிப்புள்ள பொருளோ கொடுத்துப் படமெடுக்கச் சொன்னால், சொந்தம் சொன்னவர் பக்கம் போய்விடும். ஆகவே, "உரிமை எடுத்தவருக்கே, எங்களுக்குக் கண்காட்சி அனுமதி மட்டும்" என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விற்ற பணம் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் அன்னதானம் செய்யும் படங்களையும் மாட்டலாமா? – அதே வாசகி

பதில்: வேண்டாம். அந்தச் சுவர் முழுக்க அவர்களுக்கு. திறப்பு நாளில் அவர்கள் வந்துபோக வேன் பேசுங்கள்; இரவுத் தங்குமிடத்தின் கதவு சாத்துமுன் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.