கேன் தண்ணீரிலிருந்து குழாய்த் தண்ணீருக்கு ஒரு குடியிருப்பை மாற்ற முடியுமா?

"மெட்ரோ வாட்டர் வருகிறது, ஆனால் எங்கள் அடுக்குமாடியில் யாரும் அதைக் குடிப்பதில்லை, எல்லா வீட்டிலும் கேன்தான். இவர்களை மாற்ற முடியுமா, எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எங்கள் குடியிருப்பில் (சென்னைதான்) நாலைந்து பேர் சேர்ந்து இதைச் செய்தோம். எல்லா வீடும் மாறவில்லை, பாதிக்கு மேல் மாறிவிட்டது. இதில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், பிளாஸ்டிக், குப்பைமேடு, கடல் என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாது என்பதுதான். அதெல்லாம் உண்மை, ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் வீட்டில் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தண்ணியைக் குடிச்சா வயிறு கெடுமா, கெடாதா? அதற்குக் கண்ணெதிரே பதில் காட்டாமல் வேறு எதைப் பேசினாலும் எடுபடாது.

அதனால் சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மெட்ரோ வாட்டர் குளோரின் கலந்துதான் வருகிறது, அது தெருக் குழாயிலிருந்து உங்கள் டம்ளருக்கு வருவதற்குள் சம்ப், மோட்டார், மொட்டை மாடித் தொட்டி, பழைய குழாய் என்று எத்தனை இடம் தாண்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல குடியிருப்புகளில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழும். எங்களுடையது கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் இருந்தது, மூடி சரியாக உட்காராது, மழை பெய்தால் தரையில் ஓடும் தண்ணீர் உள்ளே இறங்கும். அதைச் சரிசெய்து, போர் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, கிச்சனுக்கு மட்டும் மெட்ரோ லைன் போட்டோம். செலவுக்கு சங்கத்தில் ஒப்புதல் வாங்குவதுதான் பெரிய பாடு. ஆனால் மாதாமாதம் கேனுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு வீட்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கூட்டிப் பார்த்ததும் எதிர்ப்பு பாதி அடங்கியது.

அப்புறம் சோதனை. இதை அறிக்கையாக வாட்ஸாப்பில் போடாதீர்கள், ஆள் முன்னால் செய்யுங்கள். குளோரின் பார்க்கும் சின்ன கிட் கிடைக்கும், தண்ணீரில் ரெண்டு மூணு சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கீழே ஒரு மேசை போட்டு, குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியிலும் கேன் தண்ணீரை இன்னொன்றிலும் எடுத்து எல்லார் முன்னாலும் சொட்டு விட்டோம். குழாய்த் தண்ணீர் மஞ்சளானது, கேன் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. உடனே மூன்றாம் மாடி அம்மா, "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே, கேன் தண்ணிதான் சுத்தம்" என்றார்கள்! விஷயம் நேர்மாறு. மஞ்சள் என்றால் கிருமியைக் கொல்லும் குளோரின் இன்னும் தண்ணீரில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இப்படி மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. கேன் தண்ணீரை ஓசோன், புற ஊதாக் கதிர் மாதிரி முறைகளில் சுத்தம் செய்கிறார்கள், அதில் மிச்சக் காவல் எதுவும் இருக்காது. மூடியைத் திறந்து டிஸ்பென்சரில் கவிழ்த்த பிறகு உள்ளே ஒரு கிருமி போனால் தடுக்க ஆளில்லை.

இதையும் வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுப்பாக மாறும் சோதனைக் குப்பிகள் இருக்கின்றன, ஹெச்2எஸ் குப்பி என்று கேட்டால் தருவார்கள். விருப்பப்பட்ட வீடுகளில் டிஸ்பென்சர் குழாயிலிருந்தே தண்ணீர் பிடித்து வைத்தோம். கறுத்துப்போன குப்பிகளில் சில, அந்தக் குழாயைக் கழுவியே பார்க்காத வீடுகளுடையவை. அந்தக் குப்பிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் எங்களோடு உண்மையிலேயே பேச ஆரம்பித்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் பிடித்த குப்பிகளிலும் ஒன்று முதல் முறை கறுத்தது, அதையும் மேசை மேலேயே வைத்தோம், தொட்டியை மறுபடி கழுவி மறுபடி சோதித்தோம். மறைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். முழு ஆய்வு வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம்.

டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று அதே ஐஎஸ் 10500 தரநிலை சொல்கிறது. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில், உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்ஓ இயந்திரத்தைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது, ஏனென்றால் ஆர்ஓ கழிவாக வெளியேற்றும் தண்ணீர் அவ்வளவு.

இந்த நேருக்கு நேர் சோதனை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒடிசாவில் பூரி நகரம் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலேயே நேரடியாகக் குடிக்கக்கூடிய தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது, இந்தியாவில் முதல் நகரம் என்று அறிவித்தார்கள். அங்கே மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களை 'ஜலசாத்தி' என்ற பெயரில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். மீட்டர் பார்ப்பது, பில் கொடுப்பது, பணம் வசூலிப்பது, கையோடு அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவது, எல்லாம் அவர்கள்தான். தெரிந்த பெண், நம் வாசலில், நம் குழாயில் சோதித்துக் காட்டுகிறாள் என்றால் நம்பிக்கை வராமல் எங்கே போகும்? 24 மணி நேரம் என்பதும் வசதிக்காக மட்டும் இல்லை. நம் ஊர்களில் சில மணி நேரம் விட்டு நிறுத்திவிடுவதால் குழாயில் அழுத்தம் போய், விரிசல் வழியாக வெளியே இருக்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. எப்போதும் அழுத்தம் இருந்தால் அது நடக்காது.

வெளிநாட்டில் ஆஸ்திரேலியாவின் பண்டனூன் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊர். அவர்கள் நிலத்தடி நீரை எடுத்து பாட்டிலில் அடைக்க ஒரு கம்பெனி வந்தது, சண்டை ஆரம்பித்தது, 2009 ஜூலையில் ஊர்க்கூட்டம் போட்டு பாட்டில் தண்ணீரே விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சட்டம் போட்டு இல்லை, கடைக்காரர்களே ஒத்துக்கொண்டார்கள். கூடவே தெருவில் தண்ணீர் பிடிக்கக் குழாய்களும் வைத்தார்கள். அமெரிக்காவில் கான்கார்ட் என்ற ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஜீன் ஹில் என்ற அம்மையார் 2010லிருந்து விடாமல் ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 2012 ஏப்ரலில் 403க்கு 364 என்ற கணக்கில் ஜெயித்தார், ஒரு லிட்டர் வரையிலான பாட்டில்களுக்குத் தடை 2013 ஜனவரி 1 முதல். எவ்வளவு நெருக்கமான ஓட்டு பாருங்கள், ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் எதிராகத்தான் இருந்தார்கள். இரண்டு ஊரிலும் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே நம்பிக் குடிக்கும் தரத்தில் இருந்தது என்பதை மறக்காதீர்கள். நாம் அதை முதலில் உண்டாக்க வேண்டும், அதற்கு முன்னால் தடை பற்றிப் பேசுவது அநியாயம்.

இன்னொன்று, கேன் போடுகிற தம்பியை எதிரியாக்காதீர்கள். மாடிப்படி ஏறித் தோளில் சுமந்து வருகிறவர் அவர், கோடையில் நம்மைக் காப்பாற்றியவரும் அவர்தான். நாங்கள் எடுத்த எடுப்பில் எல்லாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. விருப்பப்பட்ட வீடுகள் மட்டும் படிப்படியாகக் குறைத்தன, முதலில் சமையலுக்கு, அப்புறம் குடிக்க. கொலுவுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் குட்டி பாட்டில்களுக்குப் பதில் எவர்சில்வர் டிரம்மும் டம்ளரும் வைத்தோம், அதற்கு யாரும் மறுப்பே சொல்லவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கோடையில் சப்ளை குறைந்து லாரித் தண்ணீர் இறக்குவீர்கள், குழாய் வெட்டிய நாளில் கலங்கலாக வரும். அந்த நாட்களில் "இன்று காய்ச்சிக் குடிக்கவும்" என்று லிப்ட் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், முடியாதவர்கள் கேன் வாங்கட்டும். மறுபடி சோதித்துச் சரியானதும், தேதி போட்டு அதையும் எழுதுங்கள்.