முன்வாசலில் முகப்பூச்சு, பின்மேசையில் மருந்து
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலை நகரில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் பார்மசியை அண்மையில் பெருப்பித்துக் கட்டினார்கள். இப்போது உள்ளே நுழைந்தால் முகப்பூச்சு, ஷாம்பு, வாசனைத் திரவியம், குழந்தைப் பவுடர் என்று தட்டுத் தட்டாக இருக்கின்றன; மருந்து கொடுக்கும் மேசையோ கடைசிச் சுவரோரம் போய்விட்டது. வெளிநாடுகளில் நூற்றுக்கணக்கான கிளைகளோடு வளர்ந்த மருந்துக் கடைகளும் இப்படித்தான் இருக்கும் என்கிறாள் என் மகள். மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் இந்த உறவு எப்படி ஏற்பட்டது?
— வாசகி, உப்புவெளி

பதில்: மகள் சொல்வது சரியே. இந்த உறவை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தின் கதை போதும். 1849 இல் நொட்டிங்ஹாம் நகரில் ஜோன் பூட் என்பவர் ஒரு மூலிகை மருந்துக் கடையைத் திறந்தார். நம்மூர் நாட்டு மருந்துக் கடையைப் போன்றதுதான். 1860 இல் அவர் இறந்தபோது மகன் ஜெசிக்கு வயது பத்து. தாயோடு கடையில் நின்று வளர்ந்த அந்தப் பையன், பிற்காலத்தில் மொத்தமாகக் கொள்வனவு செய்து, கடன் கொடுக்காமல் கைக்காசுக்கு மட்டும், மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கினார். ஆயினும் வைத்தியரின் துண்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் உரிமை, தகுதி பெற்ற மருந்தாளருக்கே உரியதாக இருந்தது. தகுதியுள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஒரு கம்பனியும் மருந்து விற்கலாம் என்று 1880 இல், அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் அப்போது விளங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மருந்துக்கடை ஒரு மனிதரின் தொழிலாக இருந்த நிலை மாறி, ஒரே உரிமையாளரின் கீழ் பத்து, நூறு என்று கிளை விடக்கூடிய வணிகமானது அந்தத் தீர்ப்பினால்தான். 1933 இல் பூட்ஸ் தனது ஆயிரமாவது கடையைத் திறந்தது.

அழகுப் பொருள் இந்தக் கதைக்குள் வருவது ஜெசியின் மனைவி புளோரன்ஸ் மூலமாக. கடை நடத்தும் குடும்பத்தில் பிறந்த அவர், வாசனைப் பொருள், எழுதுகருவி, புத்தகம் எல்லாவற்றையும் மருந்துக் கடைக்குள் கொண்டுவந்தார். 1898 இல் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் நூலகப் பகுதியும் தொடங்கப்பட்டது. நோயில்லாத ஒருவருக்கும் மருந்துக் கடைக்குள் நுழைய ஒரு காரணத்தைக் கொடுத்தவர் அவர் என்பதனால், இந்த வளர்ச்சியில் கணவரைவிட அவருக்கே கூடுதல் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். 1935 இல் அந்த நிறுவனம் நம்பர் செவன் என்ற சொந்த அழகுப் பொருள் வரிசையை வெளியிட்டது. (நம் வீடுகளில் மூட்டு நோவுக்கு எடுக்கும் புரூபன் குளிசையும் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பிறந்ததுதான், ஸ்டுவர்ட் அடம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கண்டறிந்த அந்த மருந்து 1969 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது.)

இனி உங்கள் பார்மசிக்கு வருவோம். மருந்து வாங்குபவர் தாமாக எதையும் தெரிவு செய்வதில்லை. துண்டில் உள்ளதை வாங்கிக்கொண்டு போவார். அந்த மருந்தின் விலையும் கடைக்காரரின் கையில் முழுமையாக இல்லை. இலங்கையில் 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். முகப்பூச்சின் நிலை வேறு. அதில் இலாபம் கூட. ஒருவர் ஒன்றுக்கு இரண்டாகவும் வாங்குவார். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெள்ளைக்காரர் நிறையும் மாதங்களில் வெயில் காப்புக் கிரீமுக்குத் தனியே ஒரு தட்டு வேண்டியிருக்கும். ஆகவே ஆளைக் கூட்டிவருவது மருந்து, கல்லாவை நிரப்புவது கிரீம். மேசை கடைசிச் சுவருக்குப் போன காரணமும் இதுவே: கிளினிக் கொப்பியோடு வரும் அம்மா அந்தத் தட்டுகளைக் கடந்துதான் மருந்துக்குப் போகவேண்டும், மருந்து எண்ணிக் கட்டும் வரையில் அவற்றின் நடுவேதான் நிற்கவேண்டும்.

எல்லா நாட்டிலும் இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்துவிடவில்லை. ஜேர்மனியில் ஒரு மருந்தாளர் ஒரு தலைமைக் கடையும் மூன்று கிளைகளும் மட்டுமே வைத்திருக்கலாம்; 2004 க்கு முன்போ ஒரே ஒரு கடைதான். அதனால் அங்கே 1972 இல் தொடங்கிய ரொஸ்மனும் 1973 இல் தொடங்கிய டிஎம் நிறுவனமும் வைத்தியரின் துண்டுக்குரிய மருந்தைத் தொடாமல், சவர்க்காரம், கிரீம், சத்துணவு ஆகியவற்றைக் கொண்டே மாபெரும் சங்கிலிகளாயின. கடையின் உருவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சட்டமே.

கேள்வி: கொழும்பிலுள்ள சங்கிலி மருந்துக் கடைகள் கிழக்கிலும் கிளை திறந்தால், எங்கள் ஊர்ச் சிறிய பார்மசிகள் தாக்குப்பிடிக்குமா?
— வாசகர், மூதூர்

பதில்: சங்கிலிக் கடை நமக்குப் புதிதன்று. 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகளும் ஒரு சங்கிலிதான். பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராக இருந்த அந்தக் கூட்டுத்தாபனம், நாட்டுக்குத் தேவையான மருந்தை மொத்தமாக, வணிகப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், கொள்வனவு செய்யும் வழியைக் காட்டியது. அதன் பெயர் முகப்பூச்சினால் வளர்ந்த பெயரன்று.

தனியார் சங்கிலியின் பலம் கொள்வனவிலும் களஞ்சியத்திலும் இருக்கிறது. காலாவதித் திகதியைக் கணினி கவனித்துக்கொள்ளும். ஒரு கிளையில் தேங்கியதை இன்னொரு கிளைக்கு அனுப்பலாம். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். 2022 இல் ஒருநாள் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டபோது, மின்பிறப்பாக்கி இல்லாத சிறிய கடைக்காரர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை ஊகிக்கலாம். மறுபக்கம், மாத முடிவில் காசு தருகிறேன் என்றால் கொப்பியில் எழுதிவிட்டு மருந்து கொடுப்பவரும், பத்துக் குளிசை அட்டையில் மூன்றை மட்டும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருபவரும், போன மாதம் உங்கள் தாயாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பவரும் அந்தச் சிறிய கடைக்காரர்தான். முதலில் அடிபடப்போவது அவருடைய மருந்து வியாபாரம் அன்று. குழந்தைப் பவுடரும் ஷாம்புவுமே. வாடகையை அந்த வியாபாரத்திலிருந்து கட்டும் கடைகள் தடுமாறும். துண்டுக்குரிய மருந்தை நம்பி நடக்கும் கடைகள், குறிப்பாக வைத்தியசாலைக்கு அருகே உள்ளவை, நிற்கும் என்பது என் கணிப்பு. நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டிய ஊர்களில் பெரிய சங்கிலி கடை போடுவது அரிது; ஆதலால் மூதூரில் உங்கள் கடைக்காரருக்கு இப்போதைக்கு அவ்வளவு கவலை வேண்டாம்.

கேள்வி: பார்மசியில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் என்றால் நம்பி வாங்கலாமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: கடையின் பெயர்ப் பலகையை வைத்து நம்பாதீர்கள். இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்த 2013 இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையான மினமாட்டா உடன்படிக்கை, இத்தகைய கிரீம்களைத் தடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. தயாரித்தவரின் முகவரியோ உள்ளடக்கப் பட்டியலோ இல்லாத டப்பாவை, எவ்வளவு பளபளப்பான தட்டில் இருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிச் சுவரோரம் உள்ள மேசைக்குப் போய், அங்கே நிற்பவர் பதிவு பெற்ற மருந்தாளர்தானா என்று முதலில் கேளுங்கள். பிறகு கிரீமைப் பற்றிக் கேளுங்கள்.