அறிவியல் எழுத்தாளர் சங்கத்தின் குழுக்களில் சம்பளமில்லாமல் வேலை செய்வதால் என்ன பயன்?

கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதிலுக்கு வந்தவர்களுக்காக: கேட்டவர் ஓர் அறிவியல் எழுத்தாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். சந்தா கட்டிய கையோடு, "விருதுக் குழு, உறுப்பினர் சேர்க்கைக் குழு, பயிற்சிக் குழு, மாநாட்டுக் குழு, எதில் வேலை செய்ய விருப்பம்?" என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. ஒரு பைசா கிடையாது. எழுதிச் சம்பாதிக்கிற நேரத்தை இதில் போடலாமா என்று கேட்கிறார்.

போடலாம். ஆனால் குழுவைப் பார்த்துப் போடவேண்டும். மேடை போட்டு, மாலை வாங்கி, சாப்பாட்டுக்கு ஆள் எண்ணுகிற குழுவில் முதல் வருஷமே மாட்டிக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் எழுதியதைப் படிக்கிற குழு ஒன்று இருக்கும். மற்றவர்களுக்கு வரவேண்டிய பணம் வராத கதையைக் கேட்கிற குழு ஒன்று இருக்கும். அந்த இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் இருக்கிற இடம் அப்படி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், சம்பாத்தியம் பாதி தமிழ்ப் பத்திரிகைகளில், மீதி மொழிபெயர்ப்பில். ஒரு பக்கம் பஸ் ஏறினால் பொள்ளாச்சி, எதிர்ப்பக்கம் ஏறினால் பாலக்காடு. இரண்டு ஊரிலும் எனக்கென்று ஒரு பத்திரிகை ஆபீஸ் கிடையாது. பத்திரிகையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு சீனியர் இருப்பார். "இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கேம்மா?" என்று கேட்பார், தப்பான எண்ணை அடித்துவிட்டுத் திட்டுவார். தனியாக எழுதுகிறவளுக்கு அந்தத் திட்டு கிடைக்காது. கட்டுரை போகும், அச்சாகும், அல்லது ஆகாது. காரணம் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்தப் பக்கத்து மேஜையாக இருந்தது சங்கத்தின் விருதுக் குழுதான்.

எங்கள் சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். விருதுக்கு வருகிற கட்டுரைகளை நடுவர்களிடம் போகுமுன் முதல் சுற்றில் சலித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு எக்செல் தாள் வரும். துல்லியம், சான்று, நடை, பொருளின் முக்கியத்துவம் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஓரத்தில் இரண்டு வரி காரணம். அந்த இரண்டு வரிதான் சாகடிக்கும். "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் குழுத் தலைவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு வருஷம் தென்னை வாடல் நோய் பற்றியே இரண்டு கட்டுரைகள் வந்தன. எங்கள் பகுதியில் தென்னையை விட்டால் பேச்சு ஏது? கேரளத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 1882 வெள்ளத்துக்குப் பிறகு கவனிக்கப்பட்ட நோய், இப்போது பொள்ளாச்சித் தோப்புகளையும் ஆட்டிவைக்கிறது. முதல் கட்டுரையின் நடை வெண்ணெய். "மர்ம நோய்" என்று தொடங்கி, ஒரு விவசாயியின் கண்ணீர், பிறகு வேரில் கட்டுகிற ஒரு மருந்து, மூன்றே மாதத்தில் மரம் தேறிய கதை. மருந்தைப் பற்றிப் பேசியது அதை விற்கிறவர் மட்டும். இரண்டாவது கட்டுரை வறண்ட நடை. ஆனால் அதை எழுதியவர் தோப்புக்குள் நடந்திருக்கிறார். ஓலையின் இலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்திருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டிருக்கிறார். மரத்தின் சாறு ஓடும் குழாயில் வாழ்கிற ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிதான் காரணம், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன, குணப்படுத்த மருந்து இல்லை, மரம் சட்டென்று சாகாது, காய்ப்புதான் வருஷா வருஷம் குறையும் என்று அடுக்கியிருந்தார். நோய் முற்றிப் பரவிய பகுதியில் வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார்கள், நோய் இப்போதுதான் எட்டிப்பார்க்கிற பகுதியில் பாதித்த மரம் எல்லாவற்றையுமே எடுக்கச் சொல்கிறார்கள் என்ற வித்தியாசம்வரை அதில் இருந்தது. தோப்பு வைத்திருக்கிறவனுக்கு அந்த ஒரு வரி பல ஆயிரம் ரூபாய்.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் முதல் கட்டுரைக்கு அள்ளிக் கொடுத்திருந்தார். "ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கே" என்பது அவர் வாதம். "புரியுது சார், ஆனா புரியறது பொய்யாச்சே" என்றார் திருச்சூரிலிருந்து கூகுள் மீட்டில் வந்திருந்த சேச்சி, அவருடைய கேரளத் தமிழில். அன்று ராத்திரி வெகு நேரம் இழுத்தது. கடைசியில் துல்லியத்தில் பாதிக்குக் கீழே வாங்கினால் மற்ற கட்டங்களில் எவ்வளவு வாங்கினாலும் அடுத்த சுற்றுக்குப் போகாது என்று விதியே போட்டோம். அந்த விதி இன்றும் தாளின் தலையில் இருக்கிறது.

இதில் எனக்கு என்ன லாபம்? அந்த இரண்டாவது கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "மருந்து இல்லை" என்பதை அவர் இரண்டாம் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டு, அதே மூச்சில் "என்ன செய்யலாம்" என்று ஆரம்பித்திருந்தார். கெட்ட செய்திக்கும் அடுத்த காரியத்துக்கும் நடுவே ஒரு புலம்பலைக்கூட விடவில்லை. இது எந்தப் பயிலரங்கிலும் எனக்குக் கிடைக்காத பாடம். அப்புறம், சரியான கட்டுரை ஏன் வறண்டு போகிறது என்பதும் தெரிந்தது. சொந்த வாயால் பேசுகிற ஒரு ஆளைக்கூட அவர் உள்ளே விடவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் இப்படிக் குவியலாக, பெயர் மறைத்து, காரணம் எழுதியாக வேண்டிய கட்டாயத்தோடு படிக்கிற வாய்ப்பு காசு கொடுத்தாலும் வராது.

இழப்பும் உண்டு, மறைக்கவேண்டாம். விருதுக் குழுவில் இருக்கிற வருஷம் அந்த விருதுக்கு நீங்கள் போட்டியிட முடியாது. உங்கள் நண்பரின் கட்டுரை வந்தால் அந்த வரிசையை விட்டு எழுந்து போகவேண்டும். தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருப்பதால் அடிக்கடி எழவேண்டி வரும். பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி, அந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சியைப் பற்றிய கட்டுரைக்கு மதிப்பெண் போடலாமா என்பது இன்னொரு தலைவலி. நிருபர்களும் நிறுவனங்களுக்காக எழுதுகிறவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தால் இந்த இழுபறி எந்த ஊரிலும் இருக்கும். என் கருத்து: போடக்கூடாது. குழுவில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை.

பணத் தகராறு கேட்கிற குழுவைப் பற்றி. பெயர் என்னவோ "உறுப்பினர் நலன்" என்று சாதுவாகத்தான் இருக்கும். உள்ளே வருவது எல்லாம் ரத்தக் கண்ணீர். அச்சானால்தான் சன்மானம் என்று சொல்லி அச்சடிக்காமலே வைத்திருப்பது. டிடிஎஸ் என்று வருமான வரியைப் பிடித்துவிட்டு, நம் பெயரில் வரிக் கணக்கில் காட்டாமல் விடுவது. ஒரு தடவை வாங்கிய கட்டுரையைப் புத்தகமாக்கி எழுத்தாளருக்குத் தகவல்கூடச் சொல்லாதது. இதையெல்லாம் கேட்டபின் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது "உரிமை" என்கிற வார்த்தை இருக்கும் வரிக்குத்தான். முன்பெல்லாம் தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு நினைவூட்டல் போனால் பல இடங்களில் பணம் வந்துவிடுகிறது, சில இடங்களில் வருவதில்லை. வராத இடம் எது என்று குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியில் இருப்பவர் மறுபடியும் போய் விழுவார்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் எழுத்தாளர் சங்கம் 1934-ல் நியூயார்க்கில் சில நிருபர்கள் கூடி ஆரம்பித்தது. பிரிட்டனுடையது 1947-ல். அமெரிக்கச் சங்கம் 1972 முதல் இதழியல் விருது கொடுக்கிறது. எந்தப் பத்திரிகையிலும் சேராமல் தனியாக எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு குழு உண்டு. கல்விக் குழு மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் சந்தை நடத்துகிறது, மூத்தவர் ஒருவரோடு மாணவர் ஒருவரைச் சேர்த்துவிடுகிறது. 2002-ல் பிறந்த உலக அறிவியல் இதழாளர் கூட்டமைப்பு ஆப்பிரிக்க, அரபு நாடுகளின் நிருபர்களுக்கு மூத்தவர்களைத் துணை சேர்த்து, ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி என்று மொழி வாரியாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் எங்கள் பயிற்சிக் குழுவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தமிழில் எழுதப்போகிற பெண்ணுக்கு ஆங்கிலத்தில் வழிகாட்டி என்ன பலன்? டெல்லியில் 1985-ல் ஆரம்பித்த இந்திய அறிவியல் எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. மாநில மொழிக்காரர்கள் அங்கேயும் போய்த் தட்டலாம்.

கேரளத்தில் இருந்துகொண்டு இந்தப் பேச்சை எடுத்தால் பரிஷத் வராமல் போகாது. எங்கள் மாவட்டத்து ஒற்றப்பாலத்தில் 1957-ல் அறிவியல் எழுதுகிறவர்கள் கூடி ஒரு சமிதி வைத்தார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1962-ல் கோழிக்கோட்டில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் வந்தது. மலையாளத்தில் அறிவியல் எழுதவேண்டும் என்று கூடியவர்கள், அப்புறம் பத்திரிகைகள், கலைப் பயணம், அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி) அணைக்கு எதிரான போராட்டம் என்று மக்கள் இயக்கமாகவே ஆகிவிட்டார்கள். 1996-ல் 'மாற்று நோபல்' என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது. தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய அறிவியல் இயக்கமும் அதே வழிதான். நான் சின்ன வயதில் படித்த துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் அவர்களுடையது. இவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனாலும் எங்கள் பொதுக்குழுவில் வருஷம் தவறாமல் யாராவது எழுந்து "நம்ம சங்கமும் பரிஷத் மாதிரி கிராமம் கிராமமாப் போகணும்" என்று பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கைதட்டல் பலமாக விழும். அடுத்த மாதமே புதுசாக ஒரு குழு, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் குட் மார்னிங் படங்கள். சன்மானம் வராத உறுப்பினரின் புகார் அதே மேஜையில் தூங்கும். இயக்கத்துக்கு இயக்கம் இருக்கிறது, போய்ச் சேர்ந்துகொள்ளலாம். எழுதிப் பிழைக்கிறவனின் கூலியையும் அவன் எழுத்தின் தரத்தையும் பார்த்துக்கொள்ள இந்தச் சங்கத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. ஆகவே "பெரிசா ஏதாவது பண்ணலாம்" என்று கூப்பிடுகிற குழுவைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

இன்னொரு விஷயம், பெண்களுக்கு. குழுவில் வயதில் சின்னவள் நீங்கள்தான் என்றால் மினிட்ஸ் எழுதுகிற வேலை தானாக உங்கள் தலையில் வந்து உட்காரும். முதல் கூட்டத்திலேயே "ஆளுக்கு ஒரு கூட்டம், முறை வைத்து எழுதலாம்" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் இதைச் சொன்னது சேச்சிதான். அடுத்த கூட்டத்தின் மினிட்ஸை அந்த விஞ்ஞானி சார் எழுதினார். பிரமாதமாக எழுதினார், அதுவேறு.

நேரம் எவ்வளவு போகும் என்று கேட்பீர்கள். சாதாரண மாதங்களில் ஒன்றும் தெரியாது. விருதுக் கெடு முடிகிற மாதத்தில் ராத்திரிகள் போய்விடும். என் மாமியாருக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. "காசு தராத மீட்டிங்குக்கு எதுக்குக் கண்ணு இத்தன நேரம் கதவச் சாத்திக்கற?" என்பார். நியாயமான கேள்வி. புத்தக மொழிபெயர்ப்பு கையில் இருக்கிற வருஷம் நான் எந்தக் குழுவிலும் இருப்பதில்லை. ஒரு வருஷம் விட்டுப் போனால் யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. குழுவில் இருப்பதால் நேரடியாக வேலை கிடைக்கும் என்று மட்டும் எண்ணாதீர்கள். எனக்குக் கிடைத்த ஓரிரு வேலைகளும், "அந்த ஆள் கெடுவுக்கு முன்னால் தாளை அனுப்பிவிடுவார்" என்று யாரோ யாரிடமோ சொன்னதால் வந்தவை.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறபோது மூன்று விஷயம் கேளுங்கள். பதவிக்காலம் எவ்வளவு? போன வருஷம் இந்த இடத்தில் இருந்தவர் யார், அவரோடு போனில் பேசலாமா? அவர் விட்டுப்போன கோப்பு ஏதாவது இருக்கிறதா? கோப்பு இல்லை, போன வருஷத்து ஆளும் போனை எடுக்கவில்லை என்றால் அந்தக் குழு பெயர்ப்பலகையோடு சரி. வேறு குழு கேளுங்கள். அப்புறம், உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதை மறக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள். தமிழ்க் கட்டுரைகள் வந்து குவிகின்றன, படிக்க ஆள் இல்லாமல் ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்தில் திண்டாடுகிறோம்.