ஜெய்சல்மேர், முட்டி வலியுள்ள அம்மாவோடு ஒன்றரை நாள்

அம்மாவுக்கு முட்டி வலி, கையில் ஒன்றரை நாள், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவே வேண்டாம். 1156இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்னும் உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன, துணி காயும் சந்து வழியாகத்தான் நீங்களும் நடப்பீர்கள். நான்கு வாசல் தாண்டும் அந்த ஏற்றத்தில் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், அதனால் அம்மாவை ஆட்டோவில் மேலே சௌக் (கோட்டைக்குள் இருக்கும் திறந்த சதுக்கம்) வரை கூட்டிப் போங்கள். அரண்மனை மியூசியம் முழுக்க குறுகலான படிகள், அதை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். ஜைனக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வெளியாட்களை விடுவது சந்தேகம்தான். தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே கூடாது, அறையிலேயே வைத்துவிடுவது நல்லது.

ஊரில் இருக்கும் பட்வா ஹவேலி (ஹவேலி என்றால் பழைய மாளிகை) ஐந்து வீடுகள் சேர்ந்தது, 19ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பம் கட்டியது. உள்ளே ஏறாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, அதன் அழகே தெருவைப் பார்த்த ஜன்னல் மாடங்களில்தான் (மஞ்சள் கல்லை மரம் மாதிரி இழைத்திருக்கிறார்கள்). மாலையில் கடிசர் ஏரி, பக்கத்திலேயே பாலைவனப் பண்பாட்டு அருங்காட்சியகம், சின்னதுதான், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

அப்புறம் மீதி அரை நாளில் குல்தாரா என்ற கைவிடப்பட்ட கிராமமா போர் அருங்காட்சியகமா என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரின் லோங்கேவாலா சண்டையைப் பற்றியும் உள்ளே இருக்கிறது, டாங்கிகள் திறந்தவெளியில் நிற்கின்றன, நடக்கவும் சமதரை. குல்தாராவில் இடிந்த வீடுகளும் வெயிலும்தான், பேய்க்கதையை நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள்.