மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

வாசகர் கேள்வி பதில்

உடற்பயிற்சிக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைக் கருத்துக் கெடாமல் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 67. மனைவி காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். அந்தியேட்டி முடிந்து உறவினர்கள் போன பிறகு, விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையிலேயே என் பொழுது கழிகிறது. இரவு இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தினமும் நடந்தால் மனம் தெளியும் என்கிறார் வைத்தியர். படலை வரை போகவே மனம் வராதவன் எப்படி நடப்பது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

பதில்: ஐயா, தங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் இந்த விடயத்தின் முடிச்சு இருக்கிறது. மனம் வந்தால் நடக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், நலமாக இருக்கும் காலத்தில் அது சரியாகவும் இருக்கும். மனச்சோர்வு பீடித்தவருக்கு அது பொருந்தாது, ஏனெனில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தைத்தான் அது முதலில் முடக்குகிறது. மனம் வராததால் வெளியே போவதில்லை. வெளியே போகாததால் நாலு பேரின் முகம் பார்ப்பதும், வெயில் உடலில் படுவதும், நேரத்துக்குப் பசி எடுப்பதும், இரவில் அயர்ந்து தூங்குவதும் இல்லாமற் போகின்றன. இவை இல்லாததால் மனம் இன்னும் கனக்கிறது. இந்தச் சுழலை மனத்தின் பக்கமிருந்து உடைப்பது மிகக் கடினம். உடலின் பக்கமிருந்து உடைப்பது ஓரளவு எளிது. மனச்சோர்வுக்கு உளவியலாளர்கள் அளிக்கும் சிகிச்சைகளுள் ஒன்று முழுவதும் இந்த அடிப்படையிலேயே அமைந்திருக்கிறது: விருப்பம் வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் குறித்த சிறு செயலைச் செய்துவிடுவது. விருப்பம் பின்னால் வரும்.

இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட, 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் கிழமைக்கு மூன்று முறை உடற்பயிற்சி செய்தார்கள், இன்னொரு குழுவினர் மருந்து எடுத்தார்கள், மூன்றாம் குழுவினர் இரண்டையும் செய்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் முன்னேற்றம் சற்று விரைவாகத் தென்பட்டாலும், 16 கிழமைகளின் முடிவில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு. அவர்கள் வீட்டில் தனித்திருந்து பயிற்சி செய்யவில்லை, மேற்பார்வையோடு குழுவாகச் செய்தார்கள். கிடைத்த பயனில் எவ்வளவு உடல் அசைவுக்கு உரியது, எவ்வளவு கூடியிருந்த மனிதர்களுக்கு உரியது என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. தனித்துப்போன ஒருவருக்கு இரண்டுமே தேவை என்பதால், பிரிக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி முதுமையில் சிறிது சிறிதாகச் சுருங்கும். நீடித்த மனச்சோர்விலும் அது சிறுத்துக் காணப்படுவதுண்டு. 55 முதல் 80 வயது வரையான 120 பேரை வைத்து நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், ஒரு சாரார் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் என்ற அளவுக்கு நடையைக் கூட்டிக்கொண்டார்கள், மறு சாரார் உடலை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஓராண்டின் பின் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. அறுபதைக் கடந்த மூளையும் நடைக்கு இணங்கி மாறுகிறது என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆகவே, முதற் கிழமையில் நடைப்பயிற்சி என்ற எண்ணமே வேண்டாம். காலையில் தேநீர் குடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு படலை வரை போய்த் திரும்புங்கள், அது போதும். அடுத்த கிழமை ஒழுங்கையின் முகப்பு வரை போகலாம். அதற்கடுத்து வாசிகசாலை வரை போய், பத்திரிகையைப் பார்த்துவிட்டு வரலாம். காலை வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்தையும் விழிப்பையும் ஆளும் உடலின் உட்கடிகாரத்தைச் சீராக்கும் என்பதால், பின்னேரத்தைவிடக் காலையே தங்களுக்கு ஏற்றது. அயலில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம், காலையில் வந்து கூப்பிடும்படி கேளுங்கள். கேட்கப்பட்டவர் அதைச் சுமையாக எண்ணமாட்டார். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவராயின் வெறுவயிற்றில் நடக்க வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

துணையை இழந்த துக்கம் நோய் அன்று, அதை விரைவில் முடித்துவிட வேண்டும் என்று தங்களிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் எட்டு மாதங்களின் பின்னும் நள்ளிரவில் விழிப்பு வருவதையும் எதிலும் நாட்டமில்லாதிருப்பதையும் வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள், ஏனெனில் அவை சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு ஐந்து மாதங்களாகக் குளிசை எடுக்கிறேன். இரண்டு மாதங்களாக உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகிறேன். இப்போது நன்றாக இருக்கிறது. குளிசையை நிறுத்திவிடலாமா?
- இளைஞர், அச்சுவேலி

பதில்: தம்பி, நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதற்குக் குளிசையும் காரணமாக இருக்கலாம். இத்தகைய மருந்துகளைத் திடீரென விட்டால் தலைச்சுற்றலும் தூக்கக் குழப்பமும் எரிச்சலும் வரக்கூடும், நோயும் திரும்பக்கூடும். நோய் தணிந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதங்களுக்கு மருந்தைத் தொடரச் சொல்வதே வழக்கம். அதன் பின் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். உடற்பயிற்சி செய்வதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதை விடாமலும் செய்யுங்கள்.

கேள்வி: மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை தோற்ற இருக்கிறாள். காலை ஆறு மணிக்குத் தனியார் கல்வி நிலையத்துக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருகிறாள். அண்மைக் காலமாக நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இரவில் எழுந்து இருக்கிறாள். பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் இருந்தவள், படிப்புக் கெடும் என்று நான்தான் மறித்தேன். இப்போது அவளே விளையாடப் போகட்டுமா என்று கேட்கிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, போகவிடுங்கள். அதற்கு முன் ஒரு முறை வைத்தியரிடம் காட்டி, குருதிச்சோகையோ தைரொயிட் கோளாறோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் அவற்றாலும் நெஞ்சு படபடக்கும்.

அவை இல்லையென்றால் இது பரீட்சைப் பதகளிப்பாக இருக்கக்கூடும், அதற்கு விளையாட்டு செய்யும் நன்மை சற்று விரித்துச் சொல்லத் தக்கது. பதகளிப்பில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. அந்த அறிகுறிகளைக் கண்டே பிள்ளை மேலும் பயப்படுகிறாள், பயத்தால் அவை மேலும் கூடுகின்றன. பந்துக்காக ஓடும்போதும் இதே படபடப்பும் மூச்சுவாங்கலும் வியர்வையும் வருகின்றன, ஆனால் சற்று நின்றதும் தணிந்துவிடுகின்றன. இதை உடல் திரும்பத் திரும்ப அனுபவிக்கும்போது, நெஞ்சு வேகமாக அடிப்பது ஆபத்தின் அறிவிப்பு அன்று என்பதை மூளை கற்றுக்கொள்கிறது. எத்தனை புத்திமதி சொன்னாலும் இந்தப் பாடத்தை வாயால் கற்பிக்க முடியாது. இதோடு, உடல் களைத்த நாளில் தூக்கம் ஆழமாகிறது, பகலில் படித்தவை நினைவில் ஊன்றுவது அந்தத் தூக்கத்தில்தான். மைதானத்தில் கழியும் ஒரு மணித்தியாலத்தை இழப்பாக நீங்கள் கணக்கிடுகிறீர்கள். தூங்காத இரவுக்கு அடுத்த நாள் புத்தகத்தின் முன் வெறுமனே இருக்கும் மணித்தியாலங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

உயர்தரம் வந்ததும் பிள்ளைகளை மைதானத்திலிருந்து பிடுங்கி எடுப்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். மிக அதிகமாக நெருக்கப்படும் இரண்டு ஆண்டுகளில், நெருக்கத்தைத் தாங்க உதவும் ஒன்றையே பறித்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பெண் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள்: இதையும் ஒரு பாடமாக்கிவிடாதீர்கள். எத்தனை நிமிடம் விளையாடினாய், அதனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கூடுமா என்று விசாரித்தால், விளையாட்டும் அவளுக்கு இன்னொரு பரீட்சையாகிவிடும்.

கேள்வி: எனக்கு 38 வயது. நடக்கப் போனால் "எங்கே தனியாகப் போகிறாய்" என்று ஊரார் கேட்கிறார்கள், விடியற்காலையில் தெருநாய்களுக்கும் பயம். நாள் முழுதும் வீட்டுவேலை செய்கிறேனே, அது உடற்பயிற்சி ஆகாதா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: சகோதரி, உடலுக்கு அது கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வீட்டுவேலையும் உடலியக்கமாகவே கொள்ளப்படுகிறது. பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கத்திலும், இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்று அது சொல்கிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். ஆனால் மனத்தைப் பொறுத்தவரை, தன் விருப்பத்தில் ஓய்வு நேரத்தில் செய்யும் இயக்கத்தின் நன்மை தெளிவாகத் தெரிவதுபோல் வீட்டுவேலையில் தெரிவதில்லை. காரணத்தை நீங்களே அறிவீர்கள்: வீட்டுவேலை மற்றவர்களுக்காகச் செய்வது, முடிவில்லாதது, அதைச் செய்யும்போது மனம் அடுத்த வேலையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்கென்று ஒரு அரை மணித்தியாலம் வேண்டும் என்று கேட்பது பேராசை அன்று.

ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆயினும் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போனால் அந்தக் கேள்வியும் நாய்ப் பயமும் பெரிதும் குறைந்துவிடும். உங்கள் சனசமூக நிலையத்தில் பேசி, பின்னேரம் ஒரு மணித்தியாலம் மைதானத்தைப் பெண்களுக்கு ஒதுக்கித் தரும்படி மாதர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். இளைஞர்களின் கரப்பந்தாட்டத்துக்குத் தினமும் இடம் இருக்கிறதென்றால் இதற்கும் இருக்க வேண்டும். அதுவரை வீட்டு முற்றத்தில் கயிறடிக்கலாம், கதிரையில் இருந்து கையூன்றாமல் எழுந்து அமரலாம், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்கலாம்.

கேள்வி: மூன்று முறை உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிட்டேன். எதையும் முடிக்கத் தெரியாதவன் என்ற எண்ணம் வேலையிலும் என்னைத் தொடர்கிறது. உடற்பயிற்சியால் ஆளுமை வளரும் என்று எழுதியிருந்தீர்கள். என் விடயத்தில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டதே!
- வங்கி ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, நீங்கள் சுட்டிக்காட்டியது முக்கியமானது, அந்தக் குறிப்பில் நான் விரித்து எழுதாதது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா, அதன் மிக வலிமையான ஊற்று ஒருவர் தாமே செய்து முடித்த அனுபவம்தான் என்று 1977இல் எழுதினார். பிறரின் பாராட்டும் ஊக்கமும் அவ்வளவு வலிமையானவை அல்ல. இதன் மறுபக்கமும் உண்மை. தாங்க முடியாத இலக்கை வைத்துத் தோற்கும் ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை தேய்கிறது. கிழமைக்கு ஆறு நாள் கூடத்துக்குப் போவேன் என்று தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கி வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் எவருக்கும் அது நிலைக்காது. குறை உங்கள் குணத்தில் இல்லை, இலக்கின் அளவில் இருக்கிறது.

காலத்தையும் நீங்கள் குறைவாக மதிப்பிட்டிருக்கிறீர்கள். லண்டனில் 96 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நிகழும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருக்க, சிலருக்கு 254 நாட்கள் வரை செல்லும் என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. அளவைப் பற்றியும் கவலை வேண்டாம். 2022இல் வெளியான, 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த பகுப்பாய்வில், பரிந்துரைக்கப்பட்ட இயக்கத்தில் பாதியளவு செய்தவர்களுக்கே, எதுவும் செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. முழு அளவு செய்தவர்களுக்கு 25 சதவீதம்.

ஆதலால் கூடத்துக்குக் காசு கட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வங்கி மூன்று கிலோமீற்றர் என்கிறீர்கள், மேடு பள்ளம் இல்லாத ஊர் இது. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்ட மாதங்களில் பலர் துவிச்சக்கரவண்டிக்குத் திரும்பியதைப் பார்த்தோம். திங்களும் வியாழனும் அதில் வேலைக்குப் போவதென்று மட்டும் முடிவுசெய்யுங்கள். முதல் நாள் இரவே காற்று இருக்கிறதா என்று பார்த்து, மாற்றுச் சட்டையைப் பையில் வைத்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த முறை வழக்கம்போல் ஏறுங்கள். தவறியதற்கு ஈடாக இருமடங்கு ஓட வேண்டாம். இரண்டு மாதங்கள் இது தடையின்றி நடந்த பிறகு மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானித்து வையுங்கள், ஏனெனில் கடந்த மூன்று முறைகளில் இரண்டு முறை நீங்கள் நிறுத்தியது மழைக் காலத்தில்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த நாட்களில் விறாந்தையில் பதினைந்து நிமிடம் செய்யும் பயிற்சியும் அன்றைய கணக்கில் முழுமையாகச் சேரும்.