பி.காம். சி.ஏ. படித்தால் ஆடிட்டர் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, தமிழ்வழியில் படித்தேன். பி.காம். சி.ஏ.வில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம் முடித்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்கிறார் மாமா. என் தோழியோ கல்லூரியே வேண்டாம், நேராக சி.ஏ.வில் சேர் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: ரெண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்காதீர்கள். உங்கள் பட்டத்தில் இருக்கும் சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. என்பது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி, அந்தத் தேர்வை நடத்துவது பல்கலைக்கழகம் இல்லை, ஐ.சி.ஏ.ஐ. என்ற தனி அமைப்பு. அதில் பவுண்டேஷன், இண்டர், பைனல் என்று மூன்று கட்டம், நடுவில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது வேலைப் பயிற்சி.

அதற்காகக் கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் சேருங்கள், முதல் வருஷத்திலேயே பவுண்டேஷன் எழுதிப் பாருங்கள். நாலு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். வரவில்லையா, பரவாயில்லை. பி.காம்.மில் 55 சதவீதம் வாங்கினால் பவுண்டேஷன் இல்லாமலே இண்டரில் சேரலாம், கடைசி வருஷம் படிக்கும்போதே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. கல்லூரியைத் தூக்கிப் போட்டுவிட்டு சி.ஏ. மட்டும் படித்து, நாலைந்து முறை எழுதியும் தேறாமல், கையில் ஒரு டிகிரிகூட இல்லாமல் நிற்கிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். ஆனால் அந்த 55ஐ நம்பி மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். பழைய கேள்வித்தாளைப் பார்த்து நாலு கணக்கைப் போட்டுப் பழகி செமஸ்டரில் தேறிவிடலாம், இண்டரில் அது நடக்காது.

ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருஷம், 2023இல் வந்த புதிய திட்டத்தில் ரெண்டு வருஷம். இண்டர் தாள்களை ரெண்டு குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள், ரெண்டையும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்க முடியும் என்பதால், டிகிரியும் இண்டரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிகிற மாதிரி பார்த்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று இடிக்காது. உதவித்தொகை கொஞ்சம்தான், டாக்ஸ் ஆடிட் சீசனில் வீட்டுக்குப் போக ராத்திரி ஆகும். எல்லாரும் சென்னையில் பெரிய நிறுவனத்தைத்தான் தேடுகிறார்கள், என்னைக் கேட்டால் வேலை நிறைய வரும் நடுத்தர ஆபீஸ்தான் நல்லது. பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது, ஸ்டாக் எண்ணுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வருமான வரி என்று எல்லாவற்றிலும் கை பழகும். பெரிய இடத்தில் ஒரே வேலையை ரெண்டு வருஷமும் செய்கிறவர்கள் உண்டு.

அப்புறம், நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். கணக்குத் தாளில் தமிழ்வழி மாணவர்கள் தடுமாறுவதில்லை, எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே. சட்டமும் ஆடிட்டிங்கும்தான் காலை வாரும், பக்கம் பக்கமாகச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டியிருக்கும். ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் பாடப் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி திறப்பதற்குள் பவுண்டேஷன் சட்டப் புத்தகத்தை எடுத்து, தினமும் ரெண்டு பக்கம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் மாதம் தப்பும் தவறுமாகத்தான் வரும், விடாதீர்கள்.