மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரை, ஊழல் புகாரைக் காட்டிச் சபை உள்ளே விடாமல் தடுக்கலாமா?

கூடாது. நியூயார்க்கைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலைப் பற்றிப் படித்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அப்பழுக்கற்றவர் என்று சொல்ல வரவில்லை.

நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் தேவாலயப் போதகராக இருந்தவர். கறுப்பினத்தவருக்கு வேலை தராத கடைகளில் வாங்காதீர்கள் என்று 125ஆம் தெருவில் மறியல் நடத்தி வளர்ந்தவர். 1941இல் நியூயார்க் நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர். 1945இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். அங்கே உறுப்பினர்களின் உணவகம் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்தது. பவல் தன் தொகுதி மக்களை அழைத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இனப் பாகுபாடு காட்டும் இடங்களுக்கு மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்று மசோதாவுக்கு மசோதா அவர் விடாமல் வைத்த திருத்தம்தான் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் இடம்பிடித்தது.

தவறுகளும் சிறியவை அல்ல. 1960இல் தொலைக்காட்சியில் ஹார்லெம் பெண் ஒருவரை, போலீசாருக்கு மாமூல் வசூலித்துக் கொடுப்பவர் என்றார். அவதூறு வழக்கில் தோற்றும் இழப்பீடு கட்ட மறுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைதாணையை நிறைவேற்ற முடியாது என்பதால், சில காலம் ஞாயிறன்று மட்டும் ஹார்லெமுக்கு வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போனார்! தான் தலைமை வகித்த நாடாளுமன்றக் குழுவின் பணத்தில் பஹாமாஸின் பிமினி தீவுக்குப் பயணங்கள்; போர்ட்டோ ரிக்கோவில் வசித்த மனைவிக்கு அரசுச் சம்பளம். இவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் மீண்டும் தேர்தலில் வென்று வந்தவரைப் பற்றிச் சபை அமைத்த விசாரணைக் குழு, கண்டனமும் அபராதமும் விதித்து அவரைச் சேர்த்துக்கொள்ளத்தான் பரிந்துரைத்தது. சபை அதைத் தள்ளிவிட்டு, 1967 மார்ச் 1 அன்று 307க்கு 116 என்ற வாக்கில் கதவையே சாத்தியது. அதே ஆண்டு, தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்கு எடுத்த செனட்டர் தாமஸ் டாட் வெறும் கண்டனத்தோடு பதவியில் நீடித்தார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஏப்ரல் இடைத்தேர்தலில் ஹார்லெம் பவலையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தது. இருந்தும் 1969 தொடக்கம்வரை அந்தத் தொகுதியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் செய்ததற்கு வாக்காளர்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

1969 ஜூனில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் இருந்தால் வென்றவரைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்த்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நீக்கும் வழி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பியதும் ஹார்லெம்தான். 1970இல் கட்சியின் வேட்பாளர் தேர்வில் சார்லஸ் ராங்கலிடம் சுமார் 150 வாக்குகளில் தோற்றார்.